நார்க்கழிவிலிருந்து கன்டெய்னர் வரை: கோகோ பித் ஏற்றுமதி செய்வோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தேங்காய் மட்டையிலிருந்து ஒரு கிலோ நார் எடுத்தால் சுமார் இரண்டு கிலோ தூள் மிஞ்சும். அதைத்தான் நார்க்கழிவு, கோகோ பித் என்கிறோம். பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்தில் அந்தத் தூள் ஒரு காலத்தில் நார் மில்களின் பின்புறம் குன்றுபோலக் குவிந்து கிடந்தது. அதே தூள் இன்று கழுவிக் காயவைத்து, பிளாக்காக அழுத்தப்பட்டு, நெதர்லாந்தின் தக்காளிக் குடில்களுக்கும் ஸ்பெயின், தென் கொரியா, அமெரிக்கா, சீனா போன்ற நாடுகளின் நாற்றுப் பண்ணைகளுக்கும் போகிறது. இலங்கையும் இதே சந்தையில்தான் விற்கிறது. வளரும் நாடுகளிலிருந்து ஏற்றுமதி செய்ய வாய்ப்பு எங்கே என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. மூலப்பொருள் வீட்டு வாசலில் இருக்கிறது, எந்திரம் உள்ளூரில் கிடைக்கிறது, வாங்குவோர் ஆண்டு முழுவதும் இருக்கிறார்கள்.

அப்படியிருந்தும் முதல் இரண்டு மூன்று கன்டெய்னர்களிலேயே கை சுட்டுக்கொண்டு விலகுவோர் பலர். வெளிநாட்டுக்காரர் விலை கொடுப்பது பிளாக் ஊறியபின் கிடைக்கும் லிட்டருக்கும், அதில் உள்ள உப்பின் அளவுக்கும்தான். இந்த இரண்டு எண்களும் தூளைக் கழுவிக் காயவைக்கும் களத்திலேயே முடிவாகிவிடுகின்றன. துறைமுகத்தில் செய்யும் எந்த வேலையாலும் அவற்றை மாற்ற முடியாது. அதனால்தான் இந்த வழிகாட்டியில் களத்துக்கு அதிக இடமும், பதிவு வேலைகளுக்குக் குறைந்த இடமும் கொடுத்திருக்கிறோம்.

முதலில் பொருளையும் நாட்டையும் சேர்த்து முடிவு செய்யுங்கள்

சந்தையில் ஓடும் வடிவங்கள் சில. 5 கிலோ பிளாக் (30×30 சென்டிமீட்டர், உயரம் 11 முதல் 12), 650 கிராம் செங்கல், பசுமைக்குடிலில் நேரடியாகச் செடி நடும் க்ரோ பேக், நாற்றுக்கான சிறு வட்டு. புதிதாக வருபவர்கள் 5 கிலோ பிளாக்கில் தொடங்குவதே நல்லது. க்ரோ பேக்கில் லாபம் அதிகம்தான். ஆனால் பை ஊறிச் செடி நட்டபின் குறை தெரிந்தால், வாங்குபவர் தன் பயிர் இழப்பையும் சேர்த்துக் கேட்பார்.

பிளாக்கிலும் இரண்டு வகை. கழுவாததை ஹை ஈசி என்றும் கழுவியதை லோ ஈசி என்றும் சொல்கிறோம். ஈசி என்பது மின்கடத்துத்திறன். தூளில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதன் அளவு. நல்ல தண்ணீரில் கழுவினால் 0.5 மில்லிசீமென்ஸுக்குக் கீழே கொண்டுவரலாம். ஹை ஈசியை வாங்கும் நாடுகளும் இருக்கின்றன. அவர்கள் அங்கேயே கழுவிக்கொள்வார்கள். விலை குறைவு, சண்டையும் குறைவு.

நாடு தேர்வுக்கு ஜெனீவாவில் உள்ள சர்வதேச வர்த்தக மையத்தின் ட்ரேட் மேப் தளம் உதவும். ஐக்கிய நாடுகளின் வர்த்தக அமைப்பும் உலக வர்த்தக அமைப்பும் சேர்ந்து நடத்தும் மையம் அது. அங்கே 530500 என்ற ஆறிலக்கக் குறியீட்டைப் போட்டால் எந்த நாடு யாரிடமிருந்து எவ்வளவு இறக்குமதி செய்கிறது என்று வரும். ஒரு எச்சரிக்கை: அந்தக் குறியீட்டுக்குள் தென்னை நார், அபாக்கா போன்ற வேறு நார்களும் சேர்ந்தே இருக்கின்றன. அதில் காட்டும் டன் விலையை நார்க்கழிவின் விலை என்று எடுத்துக்கொண்டால் கணக்கு அடியோடு தப்பும். இந்தியாவின் எட்டிலக்கக் குறியீட்டில் நார்க்கழிவுக்குத் தனி எண் உண்டு: 53050040. மத்திய வர்த்தக அமைச்சகத்தின் ஏற்றுமதிப் புள்ளிவிவரத் தளத்தில் இந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால்தான் உண்மையான படம் கிடைக்கும்.

அடுத்து, அந்த நாட்டின் விதிகள். ஐரோப்பிய ஒன்றியம் மூன்றாம் நாடுகளிலிருந்து கரிமப் பொருள் கலந்த வளர்ப்பு ஊடகங்களைத் தடை செய்திருக்கிறது. முழுக்க முழுக்க பீட் (சதுப்புநிலத்தில் மக்கிய தாவரப் பொருள்) அல்லது தென்னை நாரால் ஆனதும், முன்பு செடி வளர்க்கப் பயன்படாததும் மட்டுமே விலக்கு. ஆகவே "மதிப்புக் கூட்டுகிறோம்" என்று தொழுவுரமோ மக்கிய இலையோ கலந்தால் அந்தச் சரக்கு ஐரோப்பாவுக்குள் நுழையவே முடியாது. ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புவதாக இருந்தால் அந்நாட்டு உயிர்ப் பாதுகாப்புத் துறையின் பைகான் தளத்தில் இறக்குமதி நிபந்தனைகள் பொருள் வாரியாக இருக்கின்றன. விலை பேசுவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

வரி விகிதத்தை ஒவ்வொரு ஒப்பந்தத்தின்போதும் புதிதாகப் பார்க்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 27 அன்று பெரும்பாலான இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதத்தைத் தொட்டபோது, ஒப்பந்தம் போட்டிருந்த பலர் அந்தச் சுமையை யார் ஏற்பது என்று எழுதி வைக்காததால் தவித்தார்கள். "இறக்குமதி நாட்டின் வரி எதுவாயினும் வாங்குபவரைச் சேர்ந்தது" என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

பதிவுகள்: ஒரே மூச்சில் முடிக்கலாம்

பான், நடப்புக் கணக்கு, ஜிஎஸ்டி மூன்றும் இருந்தால் மற்றவை வேகமாக நடக்கும். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் தளத்தில் 500 ரூபாய் கட்டி ஐஇசி எனும் ஏற்றுமதி இறக்குமதிப் பதிவு எண் வாங்குங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதே தளத்தில் உறுதிப்படுத்த வேண்டும். மறந்தால் எண் செயலிழந்து, ஷிப்பிங் பில் (சுங்கத்துறைக்குத் தரும் ஏற்றுமதி விண்ணப்பம்) போடும் நாளில்தான் தெரியவரும். அடுத்தது கயிறு வாரியத்தில் ஏற்றுமதியாளர் பதிவு. 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்த வாரியத்தின் தலைமையகம் கொச்சியில் இருக்கிறது. வங்கியிடம் ஏடி கோட் (ஏற்றுமதிப் பணம் வரும் வங்கிக் கிளையின் அடையாள எண்) கடிதம் வாங்கி, சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் நீங்கள் அனுப்பப்போகும் துறைமுகத்துக்குப் பதிவு செய்யுங்கள். தூத்துக்குடிக்கும் கொச்சிக்கும் இரண்டுக்குமே செய்துவைப்பது நல்லது. ஒரு பக்கம் கன்டெய்னர் தட்டுப்பாடு வந்தால் மறுபக்கம் போகலாம்.

ஜிஎஸ்டி தளத்தில் வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான எல்யூடி உறுதிமொழியை ஒவ்வொரு நிதியாண்டும் ஏப்ரலில் புதுப்பிக்க வேண்டும். எல்யூடியில் இன்வாய்ஸ் போட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் சரக்கு நாட்டைவிட்டுப் போயிருக்க வேண்டும். இல்லையென்றால் வட்டியுடன் வரி. சொந்தமாகத் தொழிற்சாலை இல்லாமல் மில்லில் வாங்கி அனுப்புபவர்களுக்கு 0.1 சதவீத ஜிஎஸ்டியில் வாங்கும் வசதி உண்டு. அதற்கு மில்காரர் பில் போட்ட நாளிலிருந்து 90 நாளுக்குள் ஏற்றுமதி முடிய வேண்டும்.

கழுவும் வேலை உங்கள் இடத்திலேயே நடந்தால் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் தொடங்காதீர்கள். கழுவிய நீர் பழுப்பாக, டானினும் பொட்டாசியமும் நிறைந்து ஓடும். அதைப் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுப் பக்கம் திருப்பிவிட்டு ஏற்றுமதி செய்வது ஊருக்குச் செய்யும் தீங்கு. தொழிலுக்கும் அது ஆயுள் தராது.

களம்: வெற்றியும் தோல்வியும் இங்கேதான்

தூள் வாங்கும்போதே மில் எந்தத் தண்ணீரில் மட்டையை ஊறவைக்கிறது என்று கேளுங்கள். கடலோரத்து உப்புத் தண்ணீரில் ஊறிய மட்டையின் தூளைக் கழுவிக் கழுவியே தண்ணீர் தீர்ந்துபோகும். கடலிலிருந்து தள்ளியுள்ள ஊர்களின் மட்டையிலும் பொட்டாசியம் இயல்பாகவே அதிகம். புதிய தூள் செம்பழுப்பாகவும் சில மாதம் கிடந்தது கரும்பழுப்பாகவும் இருக்கும். மிகப் புதியது செடியின் தழைச்சத்தைப் பிடுங்கிக்கொள்ளும்; மிகப் பழையது மக்கித் தூசாகி, ஊறும்போது குறைந்த லிட்டரே தரும்.

கழுவுவதில் எல்லோரும் சறுக்கும் இடம் தண்ணீர். உங்கள் போர்வெல் தண்ணீரின் ஈசியே 1.0 என்றால், எத்தனை முறை கழுவினாலும் தூள் 0.5க்கு இறங்காது. முதலில் தண்ணீரை அளந்து பாருங்கள். கைக்கடக்கமான மீட்டரே போதும். லோ ஈசிக்குத் தகுதியான தண்ணீர் இல்லையென்றால் ஹை ஈசி விற்பதே நேர்மையான வழி. தண்ணீர் நன்றாக இருந்தால் மூன்று தொட்டி கட்டுங்கள். மூன்றாம் தொட்டியில் கழுவி வடிந்த நீரை இரண்டாம் தொட்டிக்கும், அதில் வடிந்ததை முதல் தொட்டிக்கும் விடுங்கள். அழுக்கான தூள் அழுக்கான நீரையும், கழுவி முடியும் தூள் புதுத் தண்ணீரையும் சந்திக்கும். தண்ணீர்ச் செலவு வெகுவாகக் குறையும்.

பஃபர் செய்த பித் வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். காரணம் இது: தூளின் துகள்கள் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் மின்னேற்றத்தால் பிடித்துவைத்திருக்கின்றன. வெறும் தண்ணீரில் கழுவினால் கரைந்து மிதக்கும் உப்புதான் போகும், ஒட்டியிருப்பது போகாது. பிறகு விவசாயி சுண்ணாம்புச் சத்து கலந்த உரநீர் விடும்போது துகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளிவிடும். தக்காளிக்குக் கால்சியம் குறைந்து காயின் அடி கருகும். அதைத் தவிர்க்கக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஓர் இரவாவது ஊறவைத்து, மீண்டும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். ஊறவைத்துவிட்டு அலசாமல் விடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அப்போது ஈசி கழுவுவதற்கு முன்பிருந்ததைவிடக் கூடிவிடும்.

காயவைக்கும் களம் சிமென்ட் போட்டதாக இருக்க வேண்டும். மண் தரையில் காயவைத்தால் மண்ணும் களை விதையும் சேரும். போய்ச் சேரும் நாட்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆய்வில் ஒரு கோரைப்புல் முளைத்தால் போதும், கன்டெய்னர் முழுவதும் நிற்கும். களத்தைச் சுற்றி வேலி, ஆடு கோழி உள்ளே வராத ஏற்பாடு, பத்தடிக்குப் புல் இல்லாத விளிம்பு, காற்று வரும் பக்கம் ஒரு வலை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஊருக்கே பூ விதையைக் கொண்டுவந்து கொட்டும் இடம் இது.

ஈரப்பதம் 15 சதவீதத்தை ஒட்டி இருக்கும்போது அழுத்துங்கள். 25 சதவீத ஈரத்தில் அழுத்திய 5 கிலோ பிளாக்கில் உலர்ந்த தூள் 3.75 கிலோதான், 15 சதவீதத்தில் 4.25 கிலோ. அரைக் கிலோ வித்தியாசம், ஊறும்போது எட்டில் ஒரு பங்கு லிட்டர் குறைவாகத் தெரியும். போகும் வழியில் பூஞ்சையும் பிடிக்கும். மறுபுறம், அதிகமாகக் காய்ந்த தூள் பிடிப்பில்லாமல் மூலை உடைந்து கொட்டும். பழகிய கை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்த்தே சொல்லிவிடும். ஆனால் வாங்குபவரிடம் கை பேசாது. ஈரமானியின் எண்ணை லாட் (ஒரே தொகுதியாகத் தயாரான சரக்கு) வாரியாக எழுதி வையுங்கள்.

அழுத்தி வெளியே வந்த பிளாக் சில மணி நேரத்தில் சற்று வீங்கும். இதைச் சின்ன விஷயம் என்று விடக் கூடாது. 1.0×1.2 மீட்டர் பேலட்டில் (சரக்கை அடுக்கித் தூக்கும் தட்டு) ஓர் அடுக்குக்கு 12 பிளாக், 20 அடுக்கு, மொத்தம் 240 பிளாக், 1,200 கிலோ. பிளாக் உயரம் 11 சென்டிமீட்டர் என்றால் அடுக்கு 2.20 மீட்டர், பேலட்டோடு 2.35. ஒவ்வொரு பிளாக்கும் ஒரு சென்டிமீட்டர் வீங்கினால் 2.55 ஆகிவிடும். உயரம் கூடிய ஹை கியூப் கன்டெய்னரின் கதவு உயரம் சுமார் 2.58 மீட்டர். ஃபோர்க்லிஃப்ட் தூக்கவே இடம் இருக்காது. லாரி வாசலில் நிற்க, அடுக்கைப் பிரித்துக் கைகளால் ஏற்றும் நிலை வரும். பிளாக்கை ஒரு நாள் ஆறவிட்டு, அளந்து, பிறகு பேலட் கட்டுங்கள்.

எண்களைச் சொல்லும்போது முறையையும் சொல்லுங்கள்

ஏற்றுமதியில் வரும் தகராறுகளில் மிகவும் வருத்தமானது, இரு தரப்பும் உண்மையைச் சொல்லிக்கொண்டே மோதுவது. அது ஈசியில்தான் நடக்கும். ஒரு பங்கு தூளுக்கு ஒன்றரைப் பங்கு தண்ணீர் சேர்த்து அளக்கும் முறை ஒன்று. ஒரு பங்குக்கு ஐந்து பங்கு சேர்க்கும் ஐரோப்பியத் தர முறை இன்னொன்று. தண்ணீர் கூடக் கூட உப்பு நீர்த்துப்போவதால் அதே தூள் முதல் முறையில் கணிசமாக அதிக ஈசி காட்டும். நீங்கள் ஐந்து பங்கில் அளந்து 0.5 என்று எழுதியிருப்பீர்கள். வாங்குபவர் ஒன்றரைப் பங்கில் அளந்து ஏமாற்றிவிட்டீர்கள் என்பார். ஆகவே தர அட்டையில் எண்ணுக்குப் பக்கத்திலேயே முறையை எழுதுங்கள். அவர் எந்த முறையில் அளப்பார் என்று கேட்டு, அதே முறையில் நீங்களும் அளங்கள்.

லிட்டர் சோதனையை வாரம் ஒருமுறையாவது செய்யுங்கள். லாட்டில் எங்காவது நடுவிலிருந்து ஒரு பிளாக் எடுங்கள். பெரிய தொட்டியில் வைத்து 20 முதல் 25 லிட்டர் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, முழுவதும் உதிரும் வரை விடுங்கள். கையால் நன்றாகப் பிரித்துவிட்டு, 10 லிட்டர் வாளியில் அழுத்தாமல் தளர அள்ளிக் கொட்டி, மேற்பரப்பைப் பலகையால் வழித்து, எத்தனை வாளி என்று எண்ணுங்கள். நல்ல 5 கிலோ பிளாக் 70 லிட்டர் வரை தர வேண்டும். 60ஐ ஒட்டி வந்தால் ஈரம் அதிகமா, தூசி அதிகமா, அழுத்தம் கூடுதலாகித் துகள் நொறுங்கியதா என்று தேடுங்கள். வாளியைத் தட்டித் தட்டி நிரப்பினால் எண் குறையும். அவரிடமும் தட்டாமல் அளக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

ஒவ்வொரு கன்டெய்னரிலிருந்தும் மூன்று பிளாக்கைத் தேதி எழுதி, பாலிதீனில் கட்டி, ஆறு மாதம் பத்திரப்படுத்துங்கள். புகார் வரும் நாளில் உங்கள் பக்கம் நிற்கும் சாட்சி அதுதான்.

நெதர்லாந்தில் ஆர்எச்பி தரச்சின்னம் கேட்பார்கள். அமெரிக்காவில் இயற்கை விவசாயத்துக்கு விற்கும் கடைகள், இயற்கை விவசாய இடுபொருட்களைச் சரிபார்க்கும் ஓம்ரி அமைப்பின் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்கும். இரண்டுக்கும் பணமும் காலமும் ஆகும். முதல் ஆண்டிலேயே ஓடாமல், நிலையான வாங்குபவர் ஒருவர் கிடைத்தபின் தொடங்குங்கள்.

மழையும் அவர்களின் நடவும்

நெதர்லாந்துக் குடில்களில் தக்காளி நடவு டிசம்பரை ஒட்டி நடக்கும். க்ரோ பேக் அக்டோபர், நவம்பரில் அங்கே இருக்க வேண்டும். அதற்குக் கப்பல் ஆகஸ்ட், செப்டம்பரில் கிளம்ப வேண்டும். பொள்ளாச்சியில் அந்த மாதங்கள் தென்மேற்குப் பருவமழைக் காலம். களம் ஈரம், தூள் காயாது, ஆர்டர் மட்டும் குவியும். அவசரத்தில் ஈரத் தூளை அழுத்தி அனுப்பிக் கெட்ட பெயர் வாங்குவது இந்தச் சமயத்தில்தான்.

ஜனவரி முதல் மே வரை வெயில் இருக்கும்போதே கழுவிக் காயவைத்த தூளைக் கூரைக்குக் கீழே சேமியுங்கள். அதற்கு இடமும் நடப்பு மூலதனமும் வேண்டும். இந்தத் தொழிலில் கொட்டகை கட்டும் பணம், பிளாக் அழுத்தும் பிரஸ் வாங்கும் பணத்துக்குச் சமமான முக்கியத்துவம் கொண்டது. ஏற்றுமதி ஆர்டரைக் காட்டி வங்கியில் பேக்கிங் கிரெடிட் கடன் வாங்கலாம். வட்டி மற்ற வணிகக் கடனைவிடப் பெரும்பாலும் குறைவு.

விலை: கப்பல் கட்டணத்தை உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள்

நார்க்கழிவு எடை அதிகம், மதிப்பு குறைவான சரக்கு. புரிவதற்காக ஒரு கணக்கு போடுவோம். விலைகள் வெறும் எடுத்துக்காட்டு. 24 டன், டன் 200 டாலர், ஆக 4,800 டாலர். கப்பல் கட்டணம் 1,800 என்று நம்பி, அதையும் சேர்த்துச் சிஎஃப்ஆர் விலை 6,600 சொல்லிவிடுகிறீர்கள். ஏற்றும் வாரத்தில் கட்டணம் 3,800 ஆகிறது. 2,000 டாலர் இழப்பு, சரக்கின் விலையில் நாற்பது சதவீதத்துக்கும் மேல். 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, ஐரோப்பா போகும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியபோது இப்படித்தான் நடந்தது. வாங்குபவர் கப்பல் கட்டணத்தைத் தானே ஏற்கும் விலையில் தொடங்குங்கள். கன்டெய்னர் சரக்குக்கு எஃப்ஓபியைவிட எஃப்சிஏ (பேசிய இடத்தில் வாங்குபவரின் கப்பல் முகவரிடம் ஒப்படைத்ததும் உங்கள் பொறுப்பு முடியும் முறை) பொருத்தம். எஃப்ஓபியில் கப்பலில் ஏறும் வரை பொறுப்பு உங்களுடையது. ஆனால் கன்டெய்னரோ அதற்குச் சில நாள் முன்பே முனையத்தில் உங்கள் கையைவிட்டுப் போய்விடுகிறது.

சிஐஎஃப் (கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த விலை) கேட்டால், அந்த விதிப்படி போதுமான குறைந்தபட்சக் காப்பீடு சி பிரிவு. அதில் கடல்நீர் புகுந்து நனைந்தாலோ மழையில் நனைந்தாலோ இழப்பீடு கிடையாது. நனைந்தாலே கெடும் இந்தச் சரக்குக்கு மிக விரிவான காப்பான ஏ பிரிவு எடுப்பதே அறிவு.

எடையில் ஒரு நாட்டு வேறுபாடு. ஐரோப்பாவுக்கு 40 அடி ஹை கியூபில் 20 பேலட், 24 டன் போகும். அமெரிக்கச் சாலை எடை வரம்பால் அங்கே ஒரு கன்டெய்னரின் சரக்கு வழக்கமாக 44,000 பவுண்டு, அதாவது சுமார் 20 டன்னோடு நின்றுவிடும். கன்டெய்னர் வாடகையை 24ஆல் வகுத்து விலை சொன்னவர் அமெரிக்காவுக்கு 20ஆல் வகுக்க மறந்தால் லாபம் அங்கேயே கரையும்.

பணம் வரும் வழி

புதியவரிடம் 30 சதவீதம் முன்பணம், மீதி பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றுக்கொண்டு கப்பல் நிறுவனம் தரும் உரிமைச் சீட்டு) நகல் காட்டியதும் என்பது நடைமுறையில் ஓடும் ஏற்பாடு. மீதி வரும் வரை மூலப் பில் உங்கள் கையில் இருக்கட்டும். மூலப் பில் இல்லாமலே சரக்கை விடுவிக்கும் டெலக்ஸ் ரிலீஸ் கொடுங்கள், சரக்கு துறைமுகத்தில் வாடகை ஏறுகிறது என்று அவசரப்படுத்துவார்கள். பணம் வங்கிக் கணக்கில் விழுந்ததைப் பார்த்தபின் கொடுங்கள். பணம் அனுப்பிய ரசீதின் படத்தை நம்பி அல்ல. பில்லில் சரக்குப் பெறுபவர் இடத்தில் வாங்குபவரின் பெயரை நேரடியாகப் போடாமல் "டு ஆர்டர்" என்று போடுங்கள். பெயர் போட்ட பில்லுக்குச் சில நாடுகளில் மூலப் பிரதி இல்லாமலே சரக்கை விடுவித்துவிடுவார்கள்.

எல்சி (வாங்குபவரின் வங்கி தரும் பண உறுதிக் கடிதம்) என்றால் யூசிபி 600 எனும் சர்வதேச வங்கி விதிகள் பொருந்தும். கப்பல் ஏற்றிய நாளிலிருந்து 21 நாளுக்குள், எல்சி காலாவதி ஆகுமுன், ஆவணங்கள் வங்கியில் சேர வேண்டும். வங்கி ஐந்து வேலை நாளில் பார்த்துச் சொல்லும். வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, எழுத்தைப் பார்க்கிறது. எல்சியில் உள்ள சரக்கு விவரத்தோடு இன்வாய்ஸில் உள்ளது பொருந்தாவிட்டால் "முரண்பாடு" என்று கட்டணம் பிடிப்பார்கள், பணம் தள்ளிப்போகும். எல்சி வரைவு வந்த அன்றே படித்து, உங்களால் தர முடியாத ஆவணம் ஏதாவது கேட்கப்பட்டிருந்தால் சரக்கு ஏற்றும் முன் திருத்தச் சொல்லுங்கள்.

கடன் கொடுத்து விற்பதாக இருந்தால் 1957 முதல் இயங்கும் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான இசிஜிசியில் காப்பீடு எடுங்கள். வாங்குபவர் பெயரைக் கொடுத்தால் அவருக்கு எவ்வளவு வரம்பு என்று அவர்களே விசாரித்துச் சொல்வார்கள். அந்தத் தகவலுக்காகவே பிரீமியம் கட்டலாம். வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால், உங்கள் பக்கமோ அவர் பக்கமோ, பழைய எண்ணில் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்காமல் ஒரு டாலரும் நகரக் கூடாது என்று முதல் நாளே பேசி வையுங்கள்.

ஏற்றும் நாள்

கன்டெய்னர் வந்ததும் ஒருவரை உள்ளே நிறுத்திக் கதவைச் சாத்துங்கள். இருட்டில் எங்காவது ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அந்த ஓட்டை வழியே மழையும் புகும், திருப்பி அனுப்புங்கள். தரை ஈரமா, முன்பு ஏற்றிய ரசாயன வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள். மரப் பேலட்டில் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்க வேண்டும். மரத்தின் உட்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேறியதற்கான அடையாளம் அது. முத்திரை இல்லாத ஒரே ஒரு பேலட் முழுச் சரக்கையும் நிறுத்திவிடும்.

பகலில் சூடாகி இரவில் குளிரும் கன்டெய்னரின் கூரையில் நீர் கோத்துச் சொட்டும். மேல் அடுக்கை அட்டையாலோ தாளாலோ மூடி, ஈரம் உறிஞ்சும் பைகளைப் பக்கச் சுவரில் தொங்கவிடுங்கள். காலியாக, பாதி நிரம்பி, முழுவதும் நிரம்பி, கதவு சாத்தி, சீல் எண் தெரிய என ஐந்து படம் எடுங்கள். 2016 ஜூலை 1 முதல் கன்டெய்னரின் சரிபார்த்த மொத்த எடையைக் கொடுக்காமல் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். எடை மேடை ரசீதைக் கப்பல் நிறுவனம் சொன்ன நேரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். தொழிற்சாலையிலேயே மின்னணு சீல் போட்டு அனுப்பும் வசதி உண்டு. அதற்கான அனுமதியை முதல் ஏற்றத்துக்குச் சில வாரம் முன்பே சுங்கத்துறையில் வாங்கிவையுங்கள்.

தாவரச் சுகாதாரச் சான்றிதழுக்கு தூத்துக்குடியிலோ கொச்சியிலோ உள்ள தாவரத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தில் ஏற்றும் முன்பே விண்ணப்பியுங்கள். கப்பல் போனபின் கேட்டால் கிடைக்காது. புகையூட்டல் தேவையென்றால், எந்த மருந்து, எத்தனை மணி நேரம் என்று வாங்கும் நாடு சொல்வதையே செய்ய வேண்டும். தென் கொரியா, ஜப்பான், ஐக்கிய அரபு அமீரகம், ஆஸ்திரேலியா போல ஒப்பந்தம் உள்ள நாடுகளுக்கு வரிச் சலுகைக்கான மூலச் சான்றிதழ் வேண்டுமா என்று வாங்குபவரிடம் கேளுங்கள்.

இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங், சான்றிதழ்கள் எல்லாவற்றிலும் பெயர், எடை, பேலட் எண்ணிக்கை, கன்டெய்னர் எண் ஒன்றாக இருக்கட்டும். சுங்க முகவர் அனுப்பும் செக்லிஸ்ட்டை இரவு பதினொரு மணி ஆனாலும் நீங்களே ஒரு வரி விடாமல் படியுங்கள். ஜிஎஸ்டி இன்வாய்ஸ் எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலே பின்னால் ரீஃபண்ட் மாதக்கணக்கில் நிற்கும்.

கப்பல் கிளம்பியபின்

கப்பல் நிறுவனம் சுங்கத்தில் ஈஜிஎம் (கப்பலில் ஏறிய சரக்குகளின் பட்டியல்) அறிக்கையைத் தாக்கல் செய்துவிட்டதா என்று ஒரு வாரத்தில் ஐஸ்கேட்டில் பாருங்கள். அதில் பிழை இருந்தால் கட்டிய வரிகளைத் திருப்பித் தரும் டிராபேக்கும் ஆர்ஓடிடிஇபி சலுகையும் வராது, யாரும் தானாக வந்து சொல்லவும் மாட்டார்கள். பணம் வந்ததும் வங்கியில் அந்தத் தொகையை எந்த ஷிப்பிங் பில்லுக்கு எதிராக வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, பணம் வந்ததற்கான சான்றான ஈபிஆர்சி எடுத்துவிடுங்கள். இணைக்காமல் விட்ட பில்கள் ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் பாக்கி என்று கிடக்கும். அடுத்த ஏற்றுமதிக்கு அதே வங்கி தயங்கும்.

புகார் வந்தால் மறுக்கவும் வேண்டாம், உடனே விலையைக் குறைக்கவும் வேண்டாம். பேலட் எண், ஊறவைத்த தண்ணீரின் ஈசி, அளந்த முறை, திறந்த நாளின் படம் ஆகியவற்றைக் கேளுங்கள். அவர் ஊற்றிய தண்ணீரே உப்பாக இருந்ததும் உண்டு. நீங்கள் பத்திரப்படுத்திய அதே லாட்டின் மூன்று பிளாக்கில் ஒன்றை அன்றே ஊறவைத்து, அவர் சொன்ன முறையில் அளந்து, கிடைத்த எண்ணை அப்படியே அனுப்புங்கள். குறை உங்களுடையது என்றால் அடுத்த கன்டெய்னரில் இத்தனை பிளாக் கூடுதலாக வைக்கிறோம் என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள்.

அந்த லாட் எந்த மில் தூள், எந்த வாரம் கழுவியது, எத்தனை சதவீத ஈரத்தில் அழுத்தியது என்று களப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். கோளாறு அங்கே ஏதோ ஒரு வரியில் இருக்கும்.